குழந்தை எடுக்க வேண்டிய முடிவு: சிங்கப்பூர்த் தமிழ் வகுப்பறையில் தொழில்நுட்பம்

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் பீட்டி சாலையில் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் இயங்கிவருகிறது. தாங்கள் படிக்கும் பள்ளியில் தமிழ் கற்பிக்கப்படாத மாணவர்கள், அங்கே வகுப்பு முடிந்ததும் இங்கே வந்து தமிழ் படிக்கிறார்கள். 1946இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கிய உமறுப் புலவர் பள்ளி, பின்னர் தமிழ்வழி உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982இல் மூடப்பட்டது. அதன் பெயர்தான் இந்த நிலையத்துக்கு. கணிதத்தையும் அறிவியலையும் தமிழிலேயே படித்தவர்களின் பள்ளிப் பெயரைத் தாங்கிய இடத்தில், இன்று தமிழை ஒரு பாடமாக மட்டும் படிக்கும் பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு பாடவேளை எவ்வளவு பெரியது என்பதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில், வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு. 2020இல் அது 2.5 விழுக்காடு. அதே பத்தாண்டில் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காட்டுக்கு உயர்ந்தனர். பாட்டி வீட்டுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமையையும் கோயிலையும் விட்டால், பல பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழும் இடம் வகுப்பறைதான். அவர்கள் தமிழில் வாய் திறக்க வேண்டிய கட்டாயம் இருக்கும் ஒரே இடமும் அதுதான்.

அந்த வகுப்பறைக்குள் இன்று உயர்நிலை மாணவர் ஒவ்வொருவரும் ஒரு கணினியோடு வருகிறார். வகுப்பறைத் தொழில்நுட்பம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதால் ஒரு பயனும் இல்லை. மொழி வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தக் கருவி, குழந்தை எடுக்க வேண்டிய எந்த முடிவைத் தானே எடுத்துக்கொள்கிறது? எந்த எழுத்து, எந்தச் சொல், எந்த விகுதி, பேசுவதா பேசாமல் இருப்பதா என்று ஒவ்வொரு நொடியும் சிறுசிறு முடிவுகளை எடுத்து எடுத்துத்தான் ஒரு குழந்தை மொழியைக் கற்கிறது. அந்த முடிவுகளைக் கருவி எடுத்துக்கொண்டால் பாடம் நடக்கும், பயிற்சித்தாள் நிரம்பும், மொழி மட்டும் உள்ளே போகாது.

இந்தக் கேள்விக்குச் சிங்கப்பூரில் முப்பது ஆண்டு வரலாறு உண்டு. அதன் தொடக்கத்தில் இருப்பவர் ஓர் ஆசிரியர்.

விசைப்பலகையும் இலக்கணமும்

நா. கோவிந்தசாமி சிங்கப்பூரின் முக்கியமான சிறுகதையாளர்களில் ஒருவர். தேசியக் கல்விக் கழகத்தில் வருங்காலத் தமிழாசிரியர்களுக்குப் பயிற்சியளித்த விரிவுரையாளர். கணினியில் தமிழைக் கொண்டுவர முனைந்து ‘கணியன்’ மென்பொருளை உருவாக்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைக் கொண்ட ஓர் இணையத்தளத்தை அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ, லியோங் கோக் யோங் ஆகியோருடன் சேர்ந்து அதன் தமிழ்ப் பக்கங்களை உருவாக்கியவர் கோவிந்தசாமி. இணையத்தில் தமிழ் எழுத்து தோன்றிய மிகத் தொடக்க காலப் பக்கங்கள் அவை.

1997 ஏப்ரலில் சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு முதலாவது தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டத்தை அறிவித்தது. ஐந்தாண்டுக்கு 2 பில்லியன் வெள்ளி, இரண்டு மாணவருக்கு ஒரு கணினி, பாட நேரத்தில் 30 விழுக்காடு வரை கணினிவழிக் கற்றல் என்பவை அதன் இலக்குகள். அடுத்த மாதமே, மே மாதத்தில், கோவிந்தசாமியின் முன்முயற்சியில் சிங்கப்பூரில் ‘தமிழ்நெட் 97’ மாநாடு கூடியது. இரண்டுக்கும் இடையே ஒரு மாத இடைவெளிதான். பள்ளிகளுக்குக் கணினிகள் வந்துசேரவிருந்த அதே நேரத்தில், அந்தக் கணினிகளில் தமிழை எப்படி உள்ளிடுவது, ஒரு கணினியில் தட்டச்சிட்ட தமிழ் இன்னொன்றில் குப்பையாகத் தெரியாமல் இருக்க என்ன செய்வது என்று தமிழர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆங்கில ஆசிரியருக்கு இல்லாத இந்தக் கவலை தமிழாசிரியருக்கு இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த அடுத்த மாநாட்டில் ‘தமிழ்99’ விசைப்பலகை உருவம் பெற்றது. அதே ஆண்டு மே மாதம் கோவிந்தசாமி காலமானார். அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாட்டையொட்டி உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான ‘உத்தமம்’ பிறந்தது.

தமிழ்99 பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். வகுப்பறைக் கருவி எப்படி இருக்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அதில் 12 உயிரெழுத்துகளும் ஆய்தமும் இடக்கைப் பக்கம். 18 மெய்களில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கம். ஆக 31 விசைகளுக்குள் 247 எழுத்துகளும் அடங்கிவிடுகின்றன. ‘கா’ வேண்டுமானால் க, பிறகு ஆ. உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் பிறக்கிறது என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக்காட்டியதை விரல்கள் செய்துபார்க்கின்றன. இதைவிட அழகான வேலை புள்ளியில் நடக்கிறது. ‘அக்கா’ என்று எழுத அ, க, க, ஆ என்று தட்டினால் போதும், முதல் ககரத்துக்குப் புள்ளி தானாக வரும். ‘பந்து’ என்று எழுத ப, ந, த, உ என்று தட்டினால் நகரத்துக்குப் புள்ளி விழும். ங-க, ஞ-ச, ந-த, ண-ட, ம-ப, ன-ற ஆகிய இணைகள் எல்லாவற்றிலும் இப்படித்தான். இவை இன எழுத்துகள். தமிழ்ச் சொல்லுக்குள் எந்த மெல்லினம் எந்த வல்லினத்தோடு நிற்கும் என்ற இலக்கண விதியை விசைப்பலகை தன்னுள்ளேயே வைத்திருக்கிறது.

கருவி இங்கே புள்ளி வைக்கும் வேலையை எடுத்துக்கொள்கிறது. ஆனால் தகரத்துக்கு முன் வருவது நகரம் என்ற முடிவு இன்னும் குழந்தையிடமே இருக்கிறது. ண, ன, ந மூன்றும் மூன்று வெவ்வேறு விசைகள். ல, ள, ழ மூன்றும் அப்படியே. தவறான எழுத்தைத் தொட்டால் தவறான சொல் திரையில் நிற்கும், குழந்தை அதைப் பார்க்கும், திருத்தும்.

ஒலிபெயர்ப்பு முறையில் நடப்பது இதற்கு நேரெதிர். ஆங்கில எழுத்துகளில் சொல்லின் ஒலியைத் தட்டினால் தமிழ்ச் சொற்கள் பட்டியலாக வருகின்றன. அவற்றில் ஒன்றைத் தொட்டால் வேலை முடிந்தது. இன்றைய கணிக்கும் விசைப்பலகைகளில் ண, ன, ந மூன்றுக்கும் ஒரே ஆங்கில எழுத்தைத் தட்டினால் போதும். எது சரி என்று கருவி ஊகித்துக்கொள்ளும். சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் எழுத்துப்பிழைகளில் பெரும்பகுதி எங்கே விழுகிறது என்று எந்தத் தமிழாசிரியரைக் கேட்டாலும் இந்த எழுத்துகளைத்தான் சொல்வார். பிழை விழும் இடத்தில்தான் பயிற்சி வேண்டும். அந்த இடத்திலேயே கருவி குறுக்கே புகுந்து வேலையைச் செய்துவிடுகிறது. இன்னொரு விளைவும் உண்டு. தமிழ்ச் சொல்லை மனத்தில் ஆங்கில எழுத்துகளாக உடைத்துப் பார்க்கக் குழந்தை பழகிவிடுகிறது. ஏற்கெனவே ஆங்கிலத்தில் சிந்திக்கும் பிள்ளைக்கு அது இன்னும் ஒரு படி விலகல்.

ஒலிபெயர்ப்பை ஆதரிப்போரின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. உயர்நிலை நான்கில் படிக்கும் மாணவன் ஊரிலுள்ள தாத்தாவுக்குத் தமிழில் ஒரு குறுஞ்செய்தி அனுப்ப நினைக்கிறான். புதிய விசைப்பலகையைப் பழகு என்று சொன்னால் அவன் ஆங்கிலத்திலேயே அனுப்பிவிடுவான். அவனுக்கு ஒலிபெயர்ப்பு ஒரு வாசல். ஆனால் எழுத்துகளை இப்போதுதான் கையால் எழுதிப் பழகும் தொடக்கநிலைப் பிள்ளைக்கு அதைக் கொடுக்கக் கூடாது. அந்த வயதில் முதலில் பென்சில். பிறகு தட்டச்சு வேண்டுமென்றால் தமிழ்99. மாணவர் கையிலுள்ள ஐபேட், குரோம்புக் இரண்டிலும் அந்த விசைப்பலகை ஏற்கெனவே இருக்கிறது. அமைப்புகளுக்குள் போய்த் தேர்வுசெய்வதுதான் வேலை. எந்தச் சாதனம் வாங்குவது என்று பெற்றோரும் பள்ளிகளும் காட்டும் அக்கறையில் ஒரு பங்கையாவது அதில் எந்த விசைப்பலகையைத் திறந்துவைப்பது என்பதிலும் காட்ட வேண்டும்.

சாதனம் கைக்கு வந்த கதை

முதல் பெருந்திட்டத்துக்குப் பிறகு 2003, 2009, 2015 என்று அடுத்தடுத்த திட்டங்கள் வந்தன. 2018இல் ‘மாணவர் கற்றல் தளம்’ என்ற இணையத்தளம் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்தது. உயர்நிலை மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் என்ற இலக்கை 2028க்குள் எட்டலாம் என்றுதான் 2020 மார்ச்சில் நினைத்திருந்தார்கள். கொவிட்-19 அந்தக் கணக்கை மாற்றியது. 2020 ஏப்ரல் 8 முதல் நாடு முழுவதும் பிள்ளைகள் வீட்டிலிருந்தே படித்தார்கள். சாதனம் இல்லாத வீடு எது, இருந்தும் மூன்று பிள்ளைகள் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளும் வீடு எது என்று அப்போது வெளிச்சமானது. பள்ளிகள் ஆயிரக்கணக்கான சாதனங்களை இரவல் கொடுத்தன. இலக்கு ஏழாண்டு முன்னதாக, 2021க்கே நகர்த்தப்பட்டது. ஒவ்வொரு மாணவருக்கும் அரசு வைத்திருக்கும் ‘எடுசேவ்’ கல்விக் கணக்கிலும் 200 வெள்ளி கூடுதலாகப் போடப்பட்டது. வசதி குறைந்த குடும்பங்கள் கையிலிருந்து எதுவும் செலவழிக்காமல் சாதனம் பெற வழி செய்யப்பட்டது. சமத்துவத்தில் அக்கறை கொண்ட அரசு செய்ய வேண்டியதைச் சிங்கப்பூர் இங்கே தயங்காமல் செய்தது.

அந்த வீட்டுவழிக் கற்றலின் முதல் வாரத்திலேயே ஒரு நேரலை வகுப்புக்குள் அந்நியர்கள் புகுந்து ஆபாசப் படங்களைக் காட்டினார்கள். கல்வி அமைச்சு ஜூம் செயலியின் பயன்பாட்டை நிறுத்திவைத்து, பாதுகாப்பைக் கூட்டிய பிறகே மீண்டும் அனுமதித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து இன்னும் பெரிய அடி விழுந்தது. மாணவர்களின் சாதனங்களைக் கண்காணித்து நிர்வகிக்க மொபைல் கார்டியன் என்ற செயலி நிறுவப்பட்டிருந்தது. பிள்ளைகள் தேவையற்ற தளங்களுக்குப் போகாமல் காப்பது அதன் பணி. 2024 ஆகஸ்ட் 4 அன்று அதன் அமைப்புக்குள் ஊடுருவல் நடந்தது. 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் சாதனங்கள் தொலைவிலிருந்தே துடைத்தழிக்கப்பட்டன. குறிப்புகளை வேறிடத்தில் சேமித்துவைக்காத பிள்ளைகள் அவற்றை இழந்தார்கள். அமைச்சு எல்லாச் சாதனங்களிலிருந்தும் அந்தச் செயலியை நீக்கியது.

பாதுகாப்புக்காக வைத்த கருவியே சேதத்தின் வாசலாயிற்று என்பது இந்த நிகழ்வின் ஒரு பக்கம். ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது மறுபக்கம். ஒரு மாணவியின் ஆண்டு முழுவதுமான சொற்பட்டியல், கட்டுரை வரைவுகள், அவள் தானே தொகுத்த மரபுத்தொடர்கள் எல்லாம் ஒரே சாதனத்தில் இருந்தால், அவற்றின் பாதுகாப்பு அவள் பெயர்கூட அறியாத ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. தமிழ்ப் பாடத்துக்கு ஒரு தாள் குறிப்பேடு கட்டாயம் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது பழமைப் பற்றினால் அல்ல. தொலைவிலிருந்து யாரும் அதைத் துடைக்க முடியாது. அவள் எழுதி, அடித்து, மீண்டும் எழுதிய தடம் அதில் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கிறது.

சேதம் வெளிப்படையாகத் தெரிந்த நிகழ்வு இது. தெரியாமல் நடப்பவை அதிகம். பெருந்தொற்றுக் காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த 160க்கும் மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ‘ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்’ அமைப்பு ஆராய்ந்து 2022இல் அறிக்கை வெளியிட்டது. பத்தில் ஏறக்குறைய ஒன்பது, பிள்ளைகளின் தனியுரிமையைப் பாதிக்கக்கூடிய வகையில் தரவுகளைக் கையாண்டதாக அது கண்டறிந்தது. அடுத்த ஆண்டு வந்த யுனெஸ்கோவின் உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, கல்வியில் தரவுத் தனியுரிமையைச் சட்டத்தால் வெளிப்படையாக உறுதிசெய்த நாடுகள் 16 விழுக்காடுதான் என்றது. மொழி வகுப்பில் சேகரமாகும் தரவு சாதாரணமானதல்ல. அது குழந்தையின் குரல்.

கருவி எங்கே உதவுகிறது

ஆய்வுகள் இதுவரை என்ன சொல்லியிருக்கின்றன? மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு படம் கிடைக்கிறது.

முதலாவது பெரு நாட்டில். ‘ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தின்கீழ் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கணினிகள் வழங்கப்பட்டன. 319 பள்ளிகளில் நடந்த ஒப்பீட்டாய்வின் முடிவு 2012இல் வெளியானது. கணினிகள் வந்தன, பிள்ளைகள் பயன்படுத்தவும் செய்தார்கள். கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை.

இரண்டாவது டெல்லியில். கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகிய மூவரும் 619 மாணவர்களிடம் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற மென்பொருளைச் சோதித்தார்கள். பள்ளி நேரத்துக்குப் பிறகு நாளொன்றுக்கு 90 நிமிடம். அதில் பாதி நேரம் கணினியில், மறுபாதி ஓர் உதவியாளரோடு சிறு குழுவில். நான்கரை மாதத்தில் கணிதத்தில் 0.37 திட்டவிலக்கமும் இந்தியில் 0.23 திட்டவிலக்கமும் முன்னேற்றம். கல்வி ஆய்வில் இவை பெரிய எண்கள். காரணம் என்ன? பெரும்பாலான பிள்ளைகள் தங்கள் வகுப்பு நிலையைவிடப் பல ஆண்டு பின்தங்கியிருந்தார்கள். பாடநூலோ வகுப்பு நிலையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் நிற்கும் படியைக் கண்டுபிடித்து அங்கிருந்து ஏற்றியது.

மூன்றாவது நம் தமிழ்நாட்டில். ஒன்றரை ஆண்டு பள்ளி மூடலுக்குப் பிறகு, அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, முரளிதரன் ஆகியோர் கிராமப்புறங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். இழப்பு கடுமையாக இருந்தது. ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு, 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யால் கிடைத்தது என்று கணக்கிட்டார்கள். தெருவில், கோயில் திண்ணையில், வீட்டு முற்றத்தில் மாலை நேரத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த உள்ளூர்த் தன்னார்வலர்கள்தான் அந்தத் திட்டம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

பெருவில் சாதனம் மட்டும் போயிற்று. டெல்லியில் சாதனம் பிள்ளையின் படியை அறிந்து போயிற்று, பக்கத்தில் ஒரு மனிதரும் இருந்தார். தமிழ்நாட்டில் சாதனம் இல்லாமலேயே மனிதர் மீட்சிக்குக் கைகொடுத்தார்.

சிங்கப்பூர்த் தமிழ் வகுப்புக்கு நேரடியாகப் பொருந்துவது டெல்லிப் பாடம். இங்கே ஒரே வகுப்பில் மூன்று விதமான பிள்ளைகள் இருக்கலாம். சென்ற ஆண்டு மதுரையிலிருந்தோ சேலத்திலிருந்தோ பெற்றோரோடு குடிபெயர்ந்து வந்த பிள்ளை சரளமாகப் பேசும். மூன்றாம் தலைமுறைச் சிங்கப்பூரர் வீட்டுப் பிள்ளைக்குப் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். வீட்டில் வேறோர் இந்திய மொழியோ கலப்பு மொழியோ பேசும் பிள்ளையும் இருக்கும். எண்ணிக்கை குறைவாக இருப்பதால் இவர்களைத் தனித்தனி வகுப்பாகப் பிரிக்க முடியாது. ஆசிரியர் நடுவில் ஒரு நிலையை வைத்துப் பாடம் நடத்துகிறார். முதல் பிள்ளைக்குச் சலிப்பு, மூன்றாவது பிள்ளைக்கு அச்சம். இங்கே கருவி உண்மையாகவே உதவ முடியும். சரளமான பிள்ளை ஒரு கதையைக் கேட்டு அதன் முடிவை மாற்றிப் பேசிப் பதிவு செய்யட்டும். மற்றொரு பிள்ளை அதே கதையை மெதுவாக, வரி வரியாக, வேண்டிய தடவை திரும்பக் கேட்கட்டும். வகுப்பின் முன்னால் பேசக் கூச்சப்படும் பிள்ளை, தனியே பேசிப் பதிவு செய்து, பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி பேசலாம். அந்த நேரத்தில் ஆசிரியர் மூன்றாவது பிள்ளையின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரலாம். கருவி மீட்டுத் தந்த அந்தப் பத்து நிமிடத்தை ஆசிரியர் யாரோடு செலவிடுகிறார் என்பதில்தான் பயன் இருக்கிறது.

தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் வாய்மொழிப் பகுதியில் 2017 முதல் காணொளி ஒன்றைப் பார்த்து உரையாடும் முறை வந்தது நல்ல மாற்றம். அசையாத படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்த வாக்கியங்களை ஒப்பிப்பதைவிட, நகரும் காட்சியைப் பார்த்துக் கருத்துச் சொல்வதில் பிள்ளை எடுக்க வேண்டிய முடிவுகள் அதிகம். இங்கே திரை பிள்ளையைப் பேசவைக்கிறது.

இயந்திரம் எந்தத் தமிழ் பேசுகிறது

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு கேள்வி கூர்மையாகிவிட்டது. மாணவர் கற்றல் தளத்தில் சேர்ந்துவரும் நுண்ணறிவு உதவிகளில் முதலில் வந்தவை கணிதத்துக்கான தகவமைவுக் கற்றலும் ஆங்கில எழுத்துக்கான பின்னூட்டக் கருவியும். தமிழ் இங்கேயும் பின்னால் வருகிறது. இதற்குத் தொழில்நுட்பக் காரணங்கள் உண்டு. மொழி மாதிரிகள் பயிலும் இணைய உரைத் திரளில் தமிழின் பங்கு மிகச் சிறியது. எழுத்துக் குறியீட்டிலும் ஒரு சுமை இருக்கிறது. ‘தமிழ்’ என்ற சொல் இணையத்தில் பரவலாக வழங்கும் குறியீட்டில் 15 பைட் இடம் பிடிக்கிறது. ஆங்கிலத்தில் அதே பெயர் ஐந்தெழுத்து, ஐந்து பைட். பல மாதிரிகள் தமிழ்ச் சொல்லை மிகச் சிறிய துண்டுகளாக நறுக்கித்தான் கையாள்கின்றன. அதனால் செலவு கூடுகிறது. இந்தக் குறையைத் தீர்க்கும் முயற்சிகளில் ஒன்று சிங்கப்பூரிலேயே நடப்பது மகிழ்ச்சி தருகிறது. ‘ஏஐ சிங்கப்பூர்’ 2023 இறுதியில் வெளியிட்ட ‘சீ-லயன்’ மாதிரி, தென்கிழக்காசிய வட்டாரத்துக்கான பதினொரு மொழிகளில் தமிழையும் சேர்த்துக்கொண்டது.

ஆனால் தமிழ் தெரிந்த இயந்திரம் வந்துவிட்டால் வகுப்பறைச் சிக்கல் தீர்ந்துவிடாது. எழுதும் தமிழும் பேசும் தமிழும் நமக்கு வேறு வேறு. 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தையும் கற்பித்தலையும் மறுஆய்வு செய்த குழு, பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் தரப் பரிந்துரைத்தது. வீட்டில் தமிழ் குறையும்போது பள்ளியும் எழுத்துத்தமிழை மட்டும் கற்பித்தால், பிள்ளை தேர்வில் தேறும், தேக்கா சந்தையில் வாய் திறக்காது என்பதை அந்தக் குழு உணர்ந்திருந்தது. இயந்திரக் குரலோ எழுத்துத்தமிழை அப்படியே வாசிக்கிறது. ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்று எழுதியிருந்தால் அப்படியேதான் ஒலிக்கும். ‘வந்துக்கிட்டிருக்கான்’ என்பதைப் பிள்ளை அதனிடமிருந்து கேட்கப்போவதில்லை. நாள்தோறும் இயந்திரக் குரலோடு பழகும் பிள்ளை யாருமே பேசாத ஒரு தமிழைப் பேசக் கற்றுக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

எழுத்துப் பக்கம் பார்த்தால், ‘சிராங்கூன் சாலையில் தீபாவளி’ என்று கட்டுரை கேட்டவுடன் இயந்திரம் பிழையில்லாமல் எழுதிவிடுகிறது. அந்தக் கட்டுரையில் பட்டாசு வெடிக்கும், அதிகாலையில் கங்கா ஸ்நானம் நடக்கும். சிங்கப்பூரில் பட்டாசுக்குத் தடை இருக்கிறது. ஒளியூட்டின் கீழே கூட்டத்தில் நசுங்கி, கேம்பல் லேனில் முறுக்கு வாங்கி, கூட்டம் தாங்காமல் அப்பா ஃபேரர் பார்க் நிலையம் வரை நடக்கவைத்த தீபாவளி அந்தப் பிள்ளையுடையது. அதைச் சொல்ல அதற்குத் தெரிந்த இருநூறு சொற்களில் எதைத் தேர்வது என்று திணறுவதுதான் கட்டுரைப் பயிற்சி. திணறலை எடுத்துவிட்டால் கட்டுரை கிடைக்கும், பயிற்சி கிடைக்காது.

கருவி கையில் இருந்தே ஆக வேண்டுமென்றால் அதைக் காதாகப் பயன்படுத்தலாம். தேக்காவின் பூக்கடை ஒன்றுக்கு நான்கு மாணவர்களை அனுப்புங்கள். கடைக்காரரிடம் முதலில், ‘அக்கா, நீங்க பேசுறதைப் பதிவு செஞ்சுக்கலாமா? வகுப்புல மட்டும்தான் கேப்போம்’ என்று அனுமதி கேட்கட்டும். தரவுப் பொறுப்பைப் பற்றி ஒரு மணி நேரம் விளக்குவதைவிட இந்த ஒரு கேள்வி ஆழமாகப் பதியும். மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போகட்டும். முழம் என்றால் எவ்வளவு, கதம்பத்தில் என்னென்ன சேரும், மல்லிகை எங்கிருந்து வருகிறது என்று கேட்கட்டும். வகுப்புக்குத் திரும்பி அந்தப் பதிவைக் கேட்டுக் கேட்டு எழுத வேண்டும். பேச்சில் வந்ததை எழுத்துத்தமிழுக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு வரியிலும் முடிவெடுப்பது பிள்ளை. சாதனம் நிறுத்தும், பின்னோக்கி ஓட்டும், மெதுவாக்கும். வேலை முடிந்ததும் பதிவை அழிப்பதும் பாடத்தின் ஒரு பகுதி.

2015இல் தேசிய நூலக வாரியமும் சமூகத்தினரும் சேர்ந்து முடித்த தமிழ் மின்மரபுடைமைத் திட்டமும் இப்படிப்பட்ட ஒரு கொடை. 1965 முதல் ஐம்பது ஆண்டில் சிங்கப்பூரில் வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்கள் மின்வடிவில் கிடைக்கின்றன. பிள்ளை தன் வீட்டு அடுக்குமாடியையும் தான் ஏறும் பேருந்தையும் தமிழ்க் கதைக்குள் சந்திக்க முடியும். வகுப்பில் நான் அதிகம் பார்க்க விரும்பும் திரை அதுதான்.

கட்டுப்பாடுகள் ஒருபுறம் இறுகிவருகின்றன. 2025 தொடக்கத்தில் வெளியான வழிகாட்டுதல், 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளின் திரைநேரம் பள்ளி வேலை நீங்கலாக நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளிகளில் இடைவேளை உட்படப் பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசிக்கும் திறன்கடிகாரத்துக்கும் அனுமதி இல்லை. கற்றல் சாதனங்கள் உறங்கும் நேரம் இரவு 11 மணியிலிருந்து 10.30க்கு வந்திருக்கிறது. இவை தேவையான விதிகள். ஆனால் இவை எவ்வளவு நேரம் என்று மட்டுமே கேட்கின்றன. அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பதை ஆசிரியர்தான் கேட்க வேண்டும்.

2023இல் அறிவிக்கப்பட்ட கல்வித் தொழில்நுட்பப் பெருந்திட்டம் 2030 வரை ஓடும். அதற்குள் வகுப்புக்கு வரும் கருவிகள் சோதிக்கப்பட்டவையா என்றும் கேட்க வேண்டும். பிரிட்டனின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களில் முறையான ஒப்பீட்டாய்வு செய்தவை 7 விழுக்காடுதான் என்று யுனெஸ்கோ அறிக்கை குறிப்பிடுகிறது. சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்த கருவியைத்தான் தமிழ் வகுப்புக்கு வாங்குவோம் என்று கல்வி அமைச்சு முடிவெடுக்க, ஒரு சிறிய சமூகத்தின் அளவே வசதியாக இருக்கிறது. பல பள்ளிகளின் பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ் கூடும் பீட்டி சாலை நிலையத்தில் ஒரு பள்ளித் தவணைக்கு இப்படி ஒரு சோதனையைச் செய்துபார்க்கலாம். பாதிப் பிள்ளைகள் செயலியோடும், மறுபாதி சோடியாக உட்கார்ந்து ஒருவரோடொருவர் பேசியும் அதே பாடத்தைப் படிக்கட்டும். யார் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கலில் தீர்மானிக்கலாம். தவணை முடிவில் மதிப்பெண்ணோடு இன்னொன்றையும் அளக்க வேண்டும்: ஒரு பாடவேளையில் ஒவ்வொரு பிள்ளையும் தானாகத் தமிழில் பேசிய நிமிடங்கள் எத்தனை என்பதை.